மிச்சம் பிடித்த தண்ணீருக்கு யார் காசு கொடுப்பது?

ஆவணி பிறந்தால் வன்னியில் கிணறுகளின் அடி தெரியத் தொடங்கும். வாளிக் கயிற்றுக்கு இன்னொரு முழம் முடிய வேண்டி வரும். பம் வைத்திருப்பவர்கள் அரை மணித்தியாலம் இறைத்துவிட்டு, ஊறட்டும் என்று இரண்டு மணித்தியாலம் காத்திருந்து மறுபடி இறைப்பார்கள். அந்தக் காலத்தில்தான் குழாய்நீர் வரும் ஊர்களில் அறிவித்தலும் வரும்: நீரைச் சிக்கனமாகப் பாவியுங்கள், பூங்கன்றுக்கு விடாதீர்கள், வாகனம் கழுவாதீர்கள்.

சொல்லப்படுவது சரியான விடயம்தான். ஆனால் அதைச் சொல்கிறவரின் நிலையை ஒருமுறை யோசித்துப் பாருங்கள். நாங்கள் பாவிக்கும் ஒவ்வொரு அலகுக்கும் காசு வாங்கித்தான் அவர் சம்பளம் கொடுக்கிறார், குளோரீன் வாங்குகிறார், கடன் கட்டுகிறார். நாங்கள் அவர் சொல்லைக் கேட்டு நடந்தால் அடுத்த மாதம் அவருக்கு வருமானம் குறையும். குறைத்துப் பாவி என்று சொல்லும் வாயும் கூடப் பாவித்தால் நிரம்பும் பணப்பெட்டியும் ஒரே இடத்தில் இருக்கின்றன. இந்த முடிச்சை அவிழ்க்காமல் நீர்ச்சிக்கனம் பற்றிப் பேசுவதில் பயன் குறைவு. உலகின் வேறு சில இடங்களில் இதை அவிழ்க்க முயன்றிருக்கிறார்கள். வன்னிக்கு அதில் எது பொருந்தும், எது பொருந்தாது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் செலவுக் கணக்கு. குழாய்நீருக்குக் கொடுப்பது தண்ணீரின் விலை என்றுதான் நாம் நினைக்கிறோம். உண்மையில் அது பெரும்பாலும் குழாயின் விலை. நிலத்துக்குள் போட்ட பைப், உயரத்தில் கட்டிய தாங்கி, சுத்திகரிப்பு நிலையம், ஊழியர் சம்பளம், கடன் தவணை ஆகிய எல்லாம் ஒரு சொட்டு விற்காவிட்டாலும் நிற்காத செலவுகள். விற்பனையோடு ஏறி இறங்குபவை பம்புக்கான மின்சாரமும் இரசாயனங்களும்தான்.

கணக்கை விளங்கிக்கொள்ள ஒரு சிறு திட்டத்தைக் கற்பனை செய்வோம். ஆயிரம் இணைப்புகள், வீட்டுக்கு மாதம் 15 அலகு. ஒரு அலகு என்பது ஆயிரம் லீற்றர். அலகுக்கு 100 ரூபா வீதம் மாத வருமானம் 15 இலட்சம். செலவும் 15 இலட்சம்: அதில் 12 இலட்சம் நிலையானது, 3 இலட்சம் மின்சாரத்துக்கும் மருந்துக்கும், அதாவது அலகுக்கு 20 ரூபா. வரட்சி வருகிறது. சனம் சொல் கேட்டு ஐந்தில் ஒரு பங்கைக் குறைக்கிறது. வீட்டுக்கு 12 அலகு. வருமானம் 12 இலட்சமாக விழுகிறது. செலவோ 14 இலட்சத்து 40 ஆயிரத்தில் நிற்கிறது. மாதம் 2 இலட்சத்து 40 ஆயிரம் துண்டு விழுகிறது. சனம் செய்த ஒரே குற்றம், கேட்டுக்கொண்டபடி நடந்தது.

அடுத்து நடப்பது எல்லோருக்கும் தெரியும். பற்றாக்குறை பல ஆண்டுகள் சேர்ந்து, ஒருநாள் கட்டணம் ஒரே தாவலில் உயரும். இலங்கையில் பத்து ஆண்டுகளாய்ப் பெரிதாய் அசையாதிருந்த நீர்க்கட்டணம் 2022 செப்டெம்பரிலும், மறுபடி 2023 ஓகஸ்ற்றிலும் ஏறியது. அதற்குப் பொருளாதார நெருக்கடியே முதற் காரணம், சிக்கனம் அல்ல. ஆனாலும் பில்லைக் கையில் வைத்திருப்பவருக்குக் காரணங்கள் பிரிந்து தெரிவதில்லை. ‘குறைத்துப் பாவித்தோம், காசு கூடிப்போச்சு’ என்பதுதான் வீட்டில் நிற்கும் கதை. அடுத்த வரட்சியில் அதே வீட்டில் போய்ச் சிக்கனம் பேசினால் யார் கேட்பார்?

விற்பனையிலிருந்து வருமானத்தைப் பிரித்துவிடுவது என்ற யோசனை இங்கேதான் வருகிறது. நீர் வழங்குபவர் ஓராண்டுக்கு நியாயமாக எவ்வளவு சம்பாதிக்கலாம் என்பதை, அவருக்கு மேலே சுயாதீனமாக நிற்கும் ஒரு ஒழுங்குபடுத்துநர் முன்கூட்டியே தீர்மானிக்கிறார். விற்பனை குறைந்து அந்தத் தொகை சேராவிட்டால், பற்றாக்குறை ஒரு தனிக் கணக்கில் எழுதப்பட்டு அடுத்த ஆண்டுக் கட்டணத்தில் சிறிது சிறிதாக அறவிடப்படும். விற்பனை கூடி மேலதிகமாய்ச் சேர்ந்தால், அந்த மேலதிகம் பாவனையாளருடையது. அடுத்த ஆண்டுக் கட்டணம் அதன்படி குறைய வேண்டும். இந்த இரண்டாவது பகுதியைப் பலர் சொல்ல மறந்துவிடுகிறார்கள். மேலே சொன்ன திட்டத்தில் வெயில் கொளுத்தும் ஓராண்டில் வீட்டுக்கு 18 அலகு போனால், மாதம் 2 இலட்சத்து 40 ஆயிரம் மேலதிகமாய் வரும். இன்றைய முறையில் அது வழங்குபவரின் பைக்குள் போகும். பிரித்த முறையில் அது திரும்ப வரும். ஆகவே கூட விற்பதில் அவருக்கு ஆதாயம் இல்லை; குறைய விற்பதில் நட்டமும் இல்லை.

இதனால் பில் குறைந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அதே கணக்கைத் தொடர்வோம். நாலு மாத வரட்சியில் ஒரு வீடு மாதம் 3 அலகு மிச்சம் பிடித்தால் பில்லில் 1,200 ரூபா குறையும். நாலு மாதமும் சேர்ந்து திட்டத்துக்கு விழுந்த துண்டு 9 இலட்சத்து 60 ஆயிரம். அதை அடுத்த ஆண்டு முழுவதும் பரப்பி அறவிட்டால், வழமைபோல் 15 அலகு பாவிக்கும் வீட்டுக்கு மாதம் 80 ரூபா, ஆண்டுக்கு 960. ஆக, 1,200 ரூபா மிச்சத்தில் கையில் நிற்பது 240 ரூபாதான். உண்மையில் மிச்சமானதும் அவ்வளவே: அந்த 12 அலகையும் இறைத்துச் சுத்திகரிக்காமல் விட்டதால் தவிர்ந்த மின்சாரமும் மருந்தும். இதை மறைத்துவிட்டுச் சிக்கனத்தை விற்கக் கூடாது. பெரிய மிச்சம் வேறிடத்தில், பல ஆண்டுகள் கழித்து வருகிறது: இன்னொரு சுத்திகரிப்பு நிலையம், இன்னொரு நீர்மூலம், அதற்கொரு கடன் தேவைப்படாமல் போவது.

வன்னிக்கு இது புதுச் சிந்தனையும் அல்ல. பழைய வழமையில் குளத்துத் தண்ணீரைப் பங்கிட்டுவிட்ட விதானையாருக்கு, துருசைத் திறந்துவிட்ட நேரத்துக்குக் கூலி கிடையாது. வயலில் விளைந்த நெல்லில் ஒரு பங்கு அவருக்கு. கூடத் தண்ணீர் விட்டு வாய்க்கால் உடைந்தால் அவருக்கும் நட்டம். கடைமடை காய்ந்தாலும் அவருக்கும் நட்டம். அளந்து விடுவதில்தான் அவர் வயிறும் நிறைந்தது. இன்றும் சிறுபோகத்துக்கு முன் மாவட்டச் செயலகத்தில் நடக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில், குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்பதைப் பார்த்துத்தான் எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று முடிவாகிறது. தண்ணீர் குறைந்த ஆண்டில் தங்கள் காணியில் ஒரு பகுதியை வெறுமனே விட எல்லோரும் சம்மதிக்கிறார்கள். குழாய்நீருக்கு அப்படியொரு கூட்டமும் இல்லை, கணக்கும் இல்லை.

வெளிநாட்டு அனுபவங்களில் கலிபோர்னியாவுடையதைத்தான் நான் ஊன்றிப் பார்க்கிறேன், ஏனெனில் அங்கே இந்த முறையின் நல்லதும் கெட்டதும் இரண்டும் வெளிப்பட்டன. மின்சாரத்திலும் எரிவாயுவிலும் ஏற்கனவே பழகியிருந்த முறையை, 2008இல் அம்மாநில ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு தனியார் நீர்க் கம்பனிகளுக்கும் பரீட்சார்த்தமாகக் கொண்டுவந்தது. உடனேயே பொருளாதார மந்தம் வந்தது. பின்னால் பெரும் வரட்சி. 2015இல் ஆளுநர் ஜெரி பிரவுண் நகர நீர்ப் பாவனையை 25 வீதம் குறைக்கும்படி கட்டளையிட்டார். சனம் குறைத்தது. தனிக்கணக்குகளில் பற்றாக்குறை மலைபோல் சேர்ந்தது. வரட்சி போன பின்னும் பில்லில் மேலதிக அறவீடு தொடர்ந்தது. எதற்காக என்று பலருக்கு விளங்கவில்லை. கோபம் மட்டும் விளங்கியது. 2020இல் ஆணைக்குழு இந்த முறையைத் தொடர விடுவதில்லை என்று தீர்மானித்தது. கம்பனிகள் வழக்குப் போட்டன. 2024 ஜூலையில் மாநில உயர் நீதிமன்றம் அந்தத் தீர்மானத்தை நீக்கியது: இவ்வளவு பெரிய மாற்றம் பரிசீலனையில் உள்ளது என்று தரப்பினருக்குச் சரியாக முன்னறிவித்தல் கொடுக்கவில்லை என்பதே காரணம். பதினாறு ஆண்டுக் கதையில் எனக்குப் படுவது இதுதான்: கணக்கு சரியாக இருந்தும், அது நீண்ட காலம் இழுபட்டதாலும் பில்லில் ஒரு வரியாக மட்டும் வந்ததாலும் சனத்தின் நம்பிக்கை போய்விட்டது. பற்றாக்குறையை ஓராண்டுக்குள் தீர்க்க வேண்டும். அறவீட்டுக்கு ஓர் உச்ச வரம்பு வேண்டும்.

தென்னாபிரிக்காவின் கேப் டவுன் வேறு வழியில் போனது. 2018 தொடக்கத்தில், குழாய்கள் மூடப்படும் நாளை எண்ணிக்கொண்டிருந்த நகரம் அது. ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லீற்றர் என்று கட்டுப்படுத்தினார்கள். சில ஆண்டுகளுக்கு முன்பிருந்ததோடு ஒப்பிட்டால் நகரின் பாவனை ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. வருமானமும் விழுந்தது. 2018 ஜூலையிலிருந்து இணைப்புக் குழாயின் பருமனைப் பொறுத்து மாதாந்த நிலைக் கட்டணம் ஒன்றை விதித்தார்கள்.

நிலைக் கட்டணம் கணக்கெழுதுவோருக்கு இலகு. வன்னியில் அது யார் தலையில் விழும் என்று பார்க்க வேண்டும். போருக்குப் பின் பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்கள் இங்கே ஏராளம். தாயும் ஒரு பிள்ளையும் மட்டும் உள்ள வீட்டில் மாதம் ஐந்து அலகு போவதே பெரிது. நிலைக் கட்டணம் ஏறினால் அவர் என்ன மிச்சம் பிடித்தும் பில் குறையாது. மறுபுறம், இங்கே பெரும்பாலான காணிகளில் கிணறு உண்டு. கிளிநொச்சியில் போரில் சாய்ந்த நீர்த்தாங்கி ஏ9 வீதியோரம் ஆண்டுக்கணக்காய்க் கிடந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள்; குழாயை மட்டும் நம்பி யாரும் கிணற்றை மூடவில்லை. அதனால் மார்கழியில் கிணற்றுநீர் பாவித்து, ஆவணியில் மட்டும் குழாயைத் திறக்கும் வீடுகள் உண்டு. அவர்களுக்காகவும் ஆண்டு முழுவதும் பைப்பும் தாங்கியும் காத்திருக்கின்றன. வசதியுள்ள அந்த வீட்டுக்கு நிலைக் கட்டணம் நியாயம். தாயும் பிள்ளையுமுள்ள வீட்டுக்கு அநியாயம். கட்டணம் இரண்டையும் ஒரே கண்ணால் பார்க்கக் கூடாது. முதல் ஐந்து அலகை மலிவாக வைத்துவிட்டு, நிலைக் கட்டணத்தை அதற்கு மேலே பாவிப்போரிடமும் இணைப்பின் பருமனுக்கேற்பவும் வாங்குவதே எனக்குச் சரியாகப் படுகிறது.

இலங்கையில் ஏற்கனவே படிமுறைக் கட்டணம்தான் நடைமுறை: பாவனை கூடக்கூட அடுத்த அலகின் விலையும் கூடும். சிக்கனத்துக்கு அது நல்லது. ஆனால் ஒரே வளவில் மூன்று குடும்பங்கள் ஒரு மீற்றரில் வாழும் இடங்களில், ஆளுக்குக் குறைவாய்ப் பாவித்தும் மேற்படியில் விழுகிறார்கள். மீள்குடியேறிய ஊர்களில் இது அரிதல்ல.

இனி கசிவு. என் வீட்டிலிருந்தே சொல்கிறேன். சில மாதங்களாகப் பில் ஏறிக்கொண்டு போனது. வெயில் காலம்தானே என்று விட்டுவிட்டேன். ஓரிரவு ஒன்பது மணிக்கு எல்லாக் குழாயையும் மூடிவிட்டு, டோர்ச் பிடித்துக்கொண்டு மீற்றரின் மூடியைத் திறந்தேன். முகப்பிலிருந்த சின்னஞ்சிறு நட்சத்திரச் சில்லு மெல்ல மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. சிவப்பு இலக்கங்கள் 412 என்று நின்றன. விடிய ஐந்து மணிக்குப் பார்த்தால் 476. எட்டு மணித்தியாலத்தில், யாரும் பாவிக்காமல், 64 லீற்றர். மேலே ஏறிப் பார்த்தபோது தாங்கியின் மிதவை வால்வில் வோசர் தேய்ந்திருந்தது. நிரம்பி வழிந்த நீர் சத்தமில்லாமல் பின்சுவரோரம் இறங்கி வாழையடியில் ஊறியிருக்கிறது. வளவெல்லாம் காய்ந்து கிடந்த ஆவணியில் அந்த வாழை மட்டும் பச்சையாய் நின்ற காரணம் அப்போதுதான் விளங்கியது. நாளுக்கு 192 லீற்றர், மாதம் ஏறத்தாழ ஆறு அலகு, அதுவும் படிமுறையின் மேற்படியில். வோசர் மாற்றப் பத்து நிமிடம் போனது.

பாவனை ஏறுவது மாதாமாதம் மீற்றர் வாசித்த தாளிலேயே இருந்தது. ‘உங்கள் வீட்டில் ஒழுக்கு இருக்கலாம், பாருங்கள்’ என்று யாரும் சொல்லவில்லை. நான் அவர்களைக் குறை சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்லும்படி யாரும் அவர்களைப் பணிக்கவுமில்லை. என் ஒழுக்கும் விற்பனைதானே. வருமானம் விற்பனையிலிருந்து பிரிந்திருந்தால், வழங்குபவருக்கு என் வாழையடியில் ஊறிய ஒழுக்கைக் காப்பாற்ற எந்தத் தேவையும் இருக்காது. ஒரு வரி எழுதி அனுப்புவது அவருக்கு நட்டமாகாது.

மீற்றருக்கு முன்னால் நடக்கும் கசிவு இன்னும் பெரிது. நாட்டளவில் சுத்திகரித்து அனுப்பும் நீரில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு பில்லுக்குள் வருவதேயில்லை. வீதியோரம் பைப் வெடித்து நாளுக்கு ஐந்து அலகு போகிறதென்று வைப்போம். நமது கணக்கில் வழங்குபவருக்கு அந்த நீரின் செலவு அலகுக்கு 20 ரூபாதான். நாளுக்கு நூறு ரூபா. ஆட்களை அனுப்பி, வீதியைத் தோண்டி, மறுபடி மூட ஆகும் செலவோடு ஒப்பிட்டால் கசிவு காத்திருக்கலாம். அது காத்திருப்பதும் அதனால்தான். ஆகவே வருமானத்தை உறுதிப்படுத்திக் கொடுத்துவிட்டு நிற்கவும் கூடாது. உறுதியான வருமானம் சோம்பலையும் வளர்க்கும். அனுமதிக்கப்பட்ட தொகையில் ஒரு பகுதியைக் கசிவு குறைந்ததோடும், குழாயில் தண்ணீர் வரும் மணித்தியாலங்களோடும் கட்டிவிட வேண்டும். விளைச்சலில் பங்கு வாங்கிய விதானையாரின் கணக்கு மறுபடி இங்கே வருகிறது.

வன்னியில் மிச்சமான தண்ணீருக்கு உரிமை கோரக் கமக்காரர் ஏற்கனவே காத்திருக்கிறார் என்பதையும் மறக்கக் கூடாது. யாழ்ப்பாணத்துக்கும் கிளிநொச்சிக்கும் இரணைமடுக் குளத்திலிருந்து குடிநீர் கொடுக்கும் திட்டத்துக்கு 2010இல் ஆசிய அபிவிருத்தி வங்கி கடன் வழங்க ஒப்புக்கொண்டது. கிளிநொச்சிக் கமக்காரர்கள் எதிர்த்தார்கள். குளத்தின் கீழ் இருபதாயிரம் ஏக்கருக்கு மேல் வயல். காலபோகத்துக்கு மழை கைகொடுத்தாலும், சிறுபோகத்துக்குக் குளம் மட்டுமே. குடிநீரை யாரும் மறுக்கவில்லை. எங்கள் நிலத்துக்குப் போதுமானது நிற்குமா என்றுதான் கேட்டார்கள். கடைசியில் குடாநாட்டின் தாளையடியில் கடல்நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் கட்டி, 2024 ஓகஸ்ற்றில் திறந்தார்கள். நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர். அதே அளவு குளத்திலிருந்து போயிருந்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 7,100 ஏக்கர் அடி (ஓர் ஏக்கரை ஓரடி ஆழத்துக்கு மூடும் நீர் ஒரு ஏக்கர் அடி). சிறுபோக நெல்லுக்கு ஏக்கருக்கு நாலு ஏக்கர் அடி என்று எடுத்தால், 1,700 ஏக்கருக்கு மேற்பட்ட விளைச்சல். கமக்காரரின் பயம் வெறும் பயமல்ல.

கடல்நீருக்கும் விலை உண்டு. நுண்சவ்வின் ஊடாக அழுத்தி வடிக்கும் எதிர்ச் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) முறையில் ஒரு கன மீற்றர் நன்னீரைக் கடல்நீரிலிருந்து எடுக்க மூன்று முதல் நாலு அலகு மின்சாரம் தேவை. மின்கட்டணம் ஏறினால் நீர்ச்செலவும் ஏறும். 2024 ஜூலையில் மின்கட்டணம் இறங்கியதும் ஓகஸ்ற்றில் நீர்க்கட்டணம் இறங்கியது நினைவிருக்கும். அதனால் ஒவ்வொரு நீர்மூலத்துக்கும் சிக்கனத்தின் பெறுமதி வேறு. கடல்நீரில் மிச்சம் பிடித்தால் மின்சாரம் உடனே மிச்சம். வவுனியாவுக்குப் பேராறு நீர்த்தேக்கத்திலிருந்தோ மன்னாருக்கு முருங்கன் நிலத்தடியிலிருந்தோ வரும் நீரில் மிச்சம் பிடித்தால், நீர் அங்கேயே நிற்கும்; பில்லில் அதிகம் தெரியாது. நாடு முழுவதற்கும் ஒரே கட்டணம் என்னும்போது இந்த வேறுபாடு மறைந்துபோகிறது. (சிறுநீரக நோய்ப் பயத்தால் ஊரூராய் எழுந்த ஆர்.ஓ. நிலையங்களில், வடித்த நீரைப் போலவே கழிவாய் ஓடும் நீரும் கணிசமானது. லீற்றர் கணக்கில் விற்கும் அந்த நிலையங்களுக்கும் யாரும் கணக்குக் கேட்பதில்லை.)

இத்தனையையும் யார் செய்வது? 2002ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவின் பட்டியலில் மின்சாரத்தோடு நீர்ச் சேவையும் இருக்கிறது. மின்சாரத்துக்குத் தனிச் சட்டம் 2009இல் வந்தது. இன்று மின்கட்டணம் மாறும்போது ஆணைக்குழு பொதுமக்களிடம் கருத்துக் கேட்கிறது, கிளிநொச்சியிலிருந்தும் எழுதி அனுப்பலாம். நீருக்கு அப்படியொரு சட்டம் இன்னும் வரவில்லை. 2003இல் கொண்டுவந்த நீர்ச் சேவைகள் சீர்திருத்தச் சட்டமூலம், தண்ணீரைத் தனியாருக்கு விற்கப்போகிறார்கள் என்ற அச்சத்துக்கும் எதிர்ப்புக்கும் நடுவே நிறைவேறாமல் நின்றது. அந்த அச்சத்தை நான் மதிக்கிறேன். ஆனால் ஒழுங்குபடுத்தல் வேறு, விற்பது வேறு. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை அரசிடமே இருக்கட்டும். அதன் கணக்கை வெளியிலிருந்து ஒருவர் பார்க்கட்டும். இப்போது விலையைக் கேட்பவரும் ஒப்புதல் கொடுப்பவரும் அரசாங்கத்துக்குள்ளேயே இருக்கிறார்கள்.

சட்டம் வரும்வரை சும்மா இருக்கவும் தேவையில்லை. கிளிநொச்சியின் குழாய் வலையமைப்பு இன்னும் சிறியது, பரீட்சித்துப் பார்க்க ஏற்றது. இரணைமடுவின் சிறுபோகக் கூட்டத்தில் குளத்தின் அடிக்கணக்கு வாசிக்கப்படும் அதே நாளில், அந்த ஆண்டில் நகரக் குழாய்களுக்கு எத்தனை அலகு போகும், அதிலிருந்து எவ்வளவு வருமானம் அனுமதிக்கப்படும், சென்ற ஆண்டு எவ்வளவு கசிந்தது என்ற மூன்று எண்களையும் வாசிக்கலாம். கமக்கார அமைப்புகளுக்கு அந்த மண்டபத்தில் கதிரை இருக்கிறது. குழாய்நீர்ப் பாவனையாளருக்கும் இரண்டு கதிரை போடச் சொல்லி மாவட்டச் செயலருக்கு எழுதுவதிலிருந்து தொடங்கலாம்.